கொட்டை எழுத்துப் பயம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தரமணியில் மகனோடு இருக்கிறார். வயது 68. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கணக்கையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். வந்து உட்கார்ந்ததும், "காபி வேண்டாம்" என்றார். முப்பது வருஷப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"என்ன ஓய், உடம்புக்கு என்ன?" என்றேன்.

"நாள் குறித்தாகிவிட்டது ஓய்" என்று சொல்லி ஒரு காகிதக் கட்டை என் கையில் வைத்தார்.

பதினாலு பக்கம். ரத்தப் பரிசோதனை முடிவு. ஒன்பதாம் பக்கத்தில் மூன்று வரிகளின் மேல் அவருடைய விரல் நின்றது. கப்பா லைட் செயின் 58. லாம்டா லைட் செயின் 28. இரண்டுக்கும் உள்ள விகிதம் 2.07. மூன்றும் கொட்டை எழுத்தில் இருந்தன. பக்கத்திலேயே சிறிய எழுத்தில் சாதாரண அளவு: கப்பா லிட்டருக்கு 3.3 முதல் 19.4 மில்லிகிராம், லாம்டா 5.7 முதல் 26.3, விகிதம் 0.26 முதல் 1.65. அதாவது மூன்றும் எல்லை தாண்டியிருந்தன.

மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை. அப்பாவின் பிறந்த நாளுக்கு ஒரு பரிசோதனைப் பாக்கேஜுக்குப் பணம் கட்டியிருக்கிறான். இருப்பதிலேயே பெரிய பாக்கேஜ். ஓர் இளைஞன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். ராத்திரி பத்து மணிக்கு டெலிபோனில் முடிவு வந்தது. நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மூன்று பெயர்களையும் அதே டெலிபோனில் தேடினார். 'மையலோமா' என்ற சொல் அகப்பட்டது. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

நான்கு ராத்திரி தூக்கமில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. பாங்கிப் புத்தகங்களையெல்லாம் ஒரு பையில் சேர்த்து வைத்தார். உயில் விஷயமாக வக்கீலைப் பார்த்தார். ஐந்தாம் நாள் என்னிடம் வந்திருக்கிறார்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"எந்த டாக்டர்?" என்றார்.

வாசகர்கள் இந்த வரிசையைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். முதலில் பரிசோதனை, பிறகு பயம், பிறகு வக்கீல், அதற்குப் பிறகு கதை எழுதுகிறவன். டாக்டர் இன்னும் வரவே இல்லை! இந்த வரிசை தலைகீழானது என்பதுதான் என் கட்சி. இது என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்த விசித்திரமும் அல்ல. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் மைலாப்பூரிலும் படித்த குடும்பங்கள் பல இன்று இந்தத் தலைகீழ் வரிசையில்தான் ஆரோக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

நான் வைத்தியன் அல்ல. ஆனால் நண்பருக்காகச் சில நாள் படித்தேன். அவரோடு டாக்டரிடமும் போனேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்று பெயர். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் அவற்றைச் செய்து அனுப்புகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு கனமான சங்கிலிகளும் இரண்டு லேசான சங்கிலிகளும் சேர்ந்த கட்டு. லேசான சங்கிலிதான் லைட் செயின். அதில் கப்பா, லாம்டா என்று இரண்டு வகை. செல்கள் எப்போதும் லைட் செயினைக் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிடும். கட்டில் சேராத மிச்சம் ரத்தத்தில் மிதக்கும். அதைச் சில மணி நேரத்துக்குள் சிறுநீரகம் வடிகட்டி ஒழித்துவிடும்.

இவ்வளவு தெரிந்தாலே போதும், மீதியை யாரும் யோசித்துக்கொள்ளலாம். ஒரு குளத்தில் தண்ணீர் மட்டம் உயர்ந்தால் காரணம் என்ன? வரத்து அதிகமாகியிருக்கலாம்; அல்லது மதகு அடைத்துக்கொண்டிருக்கலாம். ரத்தத்தில் லைட் செயின் உயர்வதும் இப்படித்தான்.

மதகு என்பது சிறுநீரகம். சர்க்கரை வியாதியாலோ, ரத்தக் கொதிப்பாலோ, வெறும் வயதாலோ அது சோர்ந்துபோனால் கப்பாவும் லாம்டாவும் இரண்டுமே தேங்கும். நல்ல சிறுநீரகம் லாம்டாவைவிடக் கப்பாவைத்தான் சீக்கிரம் வெளியேற்றும். ஆகவே அது கெடும்போது கப்பா சற்று அதிகமாகத் தேங்கி, விகிதமும் ஏறும். இதனால்தான் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 3.1 வரைக்கும் விகிதத்தைச் சாதாரணமாகவே கொள்ளலாம் என்று ஒரு தனி அளவு வைத்தார்கள். நண்பரின் காகிதத்தில் அந்த அளவு அச்சாகவில்லை.

இனி வரத்து. நாள்பட்ட தொற்று ஏதாவது இருந்தால், அது காசநோயாக இருக்கட்டும், ஈரலைப் பிடித்த கிருமியாக இருக்கட்டும், பிளாஸ்மா செல்கள் எல்லாம் ஒன்றாக மும்முரமாக வேலை செய்யும். முடக்குவாதம், லூப்பஸ் மாதிரி உடம்பு தன்னைத்தானே எதிர்க்கும் நோய்களிலும் அப்படியே. ஈரல் கெட்டாலும் உண்டு. இவற்றில் இரண்டு வகையும் சேர்ந்து உயரும்; விகிதம் பெரும்பாலும் எல்லைக்குள் நிற்கும். மாறாக, மஜ்ஜை சோர்ந்தாலோ, சில மருந்துகளாலோ இரண்டும் சேர்ந்து குறைவதும் உண்டு.

கவலைப்பட வேண்டிய வரத்து வேறு. ஒரே ஒரு செல்லின் வம்சம் மட்டும் பெருகி, ஒரே வகைச் சங்கிலியை ஓயாமல் செய்து தள்ளுவது. அப்போது விகிதம் ஒரு பக்கமாகச் சாயும். அதிலும் பல படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியில் இருப்பது நோயே இல்லாத ஒரு நிலை. 1978-ல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் கைல் அதற்குத் தனிப் பெயர் வைத்தார். மினசோட்டா மாநிலத்தில் ஒரு ஜில்லாவில் நடந்த ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. ஐம்பது வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு அந்த நிலை இருந்தது. அவர்களில் வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் அது முற்றிய நோயாகிறது. மற்றவர்கள் அதைச் சுமந்துகொண்டே வாழ்ந்து, வேறு காரணத்தால் முதுமையில் காலமாகிறார்கள். மேல்படியில் மையலோமா இருக்கிறது. இருதயத்திலும் சிறுநீரகத்திலும் புரதம் படியும் அமிலாய்டு நோய் இருக்கிறது. சில நிணநீர்ப் புற்றுகள் இருக்கின்றன. இவை கொடியவை. நான் மறுக்கவில்லை.

ஆனால் கப்பா 58 என்ற எண் இத்தனை காரணங்களில் எது என்று தானாகச் சொல்லாது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, "சர்க்கரை எத்தனை வருஷமாக? எலும்பு வலி உண்டா? ரத்தம் குறைந்திருக்கிறதா? கால் வீங்குகிறதா?" என்று கேட்ட பிறகுதான் அந்த எண்ணுக்கு வாய் வரும்.

இந்தப் பரிசோதனையின் சரித்திரமே ஒரு கேள்வியில்தான் தொடங்கியது. 1845-ல் லண்டன் நகரத்தில் ஒரு மளிகை வியாபாரி எலும்பு வலியால் துடித்தார். அவரைப் பார்த்த இரண்டு டாக்டர்கள், அவருடைய சிறுநீரில் ஏதோ விநோதமான பொருள் இருப்பதைக் கண்டார்கள். சூடாக்கினால் அது கரைந்தது. ஆறினால் மறுபடி திரண்டது. இது என்ன என்று கேட்டு, ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற ரசாயன நிபுணருக்கு அனுப்பினார்கள். வியாபாரி 1846-ம் வருஷப் பிறப்பன்று இறந்துபோனார். அந்தப் பொருளுக்கு ஜோன்ஸின் பெயர் நிலைத்தது. 1956-ல் அதில் இரண்டு வகை உண்டென்று கார்ன்கோல்ட், லிப்பாரி என்ற இருவர் காட்டினார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்தே கப்பாவும் லாம்டாவும். அது லைட் செயின்தான் என்று 1962-ல் எடல்மனும் காலியும் நிரூபித்தார்கள். ரத்தத்தில் அதை நேராக அளக்கும் முறை இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து 2001-ல் வந்தது. ஒரு நோயாளியின் வலி, ஒரு வைத்தியரின் கேள்வி, நூற்றைம்பது வருஷ உழைப்பு. இவ்வளவுக்கும் பிறகு நாம் அதை என்ன செய்தோம்? கேள்வியைக் கழற்றி எறிந்துவிட்டு, பண்டிகைத் தள்ளுபடியில் பாக்கேஜோடு சேர்த்து விற்கிறோம்.

"தெரிந்துகொள்வதில் என்னய்யா தப்பு? அறிவு நல்லதுதானே?" என்று கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் என் நண்பருக்குக் கிடைத்தது அறிவா? மூன்று எண் கிடைத்தது. நான்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. பொருள் தெரியாத செய்திக்கு அறிவு என்று பெயர் சூட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

"முன்கூட்டியே கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கலாமே?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதே கேள்வியை ஐஸ்லாந்துக்காரர்களும் கேட்டார்கள். 2016-ல் தொடங்கி, நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் அழைத்தார்கள். 80,000 பேருக்கு மேல் சம்மதித்தார்கள். ஆனால் அவர்கள் பாக்கேஜ் விற்கவில்லை. இப்படி எல்லாரையும் சோதிப்பதால் லாபம் உண்டா என்று அறிவதற்கே, ஆட்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, டாக்டர்களை வைத்து, வருஷக்கணக்காகப் பின்தொடர்கிறார்கள். அவர்கள் 2022-ல் வெளியிட்ட முடிவு ஒன்று நம் கதைக்கு முக்கியம். சிறுநீரகம் சோர்ந்தவர்களுக்கு இப்போது புழங்கும் சாதாரண அளவு பொருந்தாது. அதை வைத்துப் பார்த்தால் நல்ல மனிதர்கள் பலரை நோயாளி என்று சொல்ல நேரும். ஆகவே சிறுநீரகத்தின் நிலைக்கு ஏற்ப வேறு அளவு வேண்டும் என்றார்கள்.

மூன்றாவது கட்சிக்காரர்கள் சொல்வதற்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "டாக்டருக்கு நேரம் எங்கே இருக்கிறது? எண்பது டோக்கன் கொடுத்துவிட்டு ஆளுக்கு இரண்டு நிமிஷம் பார்க்கிறார். அவரைவிட இந்தக் காகிதம் தேவலை" என்கிறார்கள். உண்மை. அந்த இரண்டு நிமிஷத்தின் இடுக்கில்தான் பாக்கேஜ் வியாபாரம் நுழைந்தது. ஆனால் அந்த இடுக்கை உண்டாக்கியதில் நமக்கும் பங்கு இல்லையா? ஒரு டாக்டர் அரைமணி நேரம் உட்கார்ந்து விசாரித்து, "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்றால் ஐந்நூறு ரூபாய் கொடுக்க நமக்கு மனம் வராது. "ஒன்றுமில்லை என்று சொல்லவா இத்தனை ரூபாய்?" என்போம். இயந்திரத்துக்கு ஐயாயிரம் கொடுக்கத் தயங்க மாட்டோம். பேச்சுக்கு விலை இல்லை, அச்சுக்கு விலை உண்டு என்று தீர்மானித்தவர்கள் நாம்தான்.

இப்படிச் சொல்வதால், நான் பரிசோதனைக்கே விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மைலாப்பூரில் தூர உறவில் எனக்கு ஓர் அத்தை. வயது 63. இரண்டு வருஷமாக முதுகுவலி. "வயசானால் முதுகு வலிக்காதா? மாடிப்படி ஏறாதே" என்றோம். நானும்தான் சொன்னேன். முகம் வெளுத்தது, இரும்புச் சத்து டானிக் வாங்கிக் கொடுத்தோம். பக்கத்து மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வாங்கி விழுங்கினாள். பார்த்தவர்கள் யாரும் வலியையும் வெளுப்பையும் சேர்த்து யோசிக்கவில்லை. ஒரு நாள் குனிந்து கோலம் போடும்போது முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதே லைட் செயின் பரிசோதனை செய்தார்கள். கப்பா 1,860, லாம்டா 8. விகிதம் 232. அது 100-ஐத் தாண்டி, உயர்ந்த சங்கிலியும் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தாலே மையலோமாவுக்கு ஓர் அடையாளம் என்று 2014-லேயே உலக நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். அதற்குள் சிறுநீரகத்தை நோய் பாதி, வலி மாத்திரை பாதியாகத் தின்றுவிட்டிருந்தது. இன்று மருந்தில் இருக்கிறாள். மெதுவாக நடக்கிறாள். ஆனால் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ்.

அத்தைக்குக் கேள்வி இருந்தது, பரிசோதனை இல்லை. நண்பருக்குப் பரிசோதனை இருந்தது, கேள்வி இல்லை. இரண்டு வீட்டிலும் இல்லாமல் போனது ஒன்றே: விஷயம் தெரிந்த ஒரு மனிதர், உட்கார்ந்து விசாரிப்பது.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இது நடந்தது தரமணியில். 1958-ல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி ஆரம்பித்த வாலண்டரி ஹெல்த் சர்வீஸஸ் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். குடும்பங்கள் தங்கள் வருமானத்துக்குத் தக்கபடி சந்தா செலுத்த வேண்டும். நோய் வந்த பிறகு ஓடி வராமல், வருவதற்கு முன்பே வைத்தியரும் குடும்பமும் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதுதான் அவர் கண்ட திட்டம். முன்கூட்டிக் கவனிப்பது என்றால் அவருக்கு அர்த்தம் உறவு. நமக்கு அதன் அர்த்தம் பதினாலு பக்கம் அச்சடித்த காகிதம். 2000-ல் அதே வட்டாரத்தில் டைடல் பூங்கா வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். பெற்றோர்களையும் அழைத்து வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவின் மேல் அன்பு இருக்கிறது, கையில் பணமும் இருக்கிறது. அப்பாவைத் தெரிந்த டாக்டர் ஒருவர்தான் இல்லை.

நண்பரோடு டாக்டரிடம் போனேன் என்றேனே, அதைச் சொல்லி முடிக்கிறேன். அந்த டாக்டர் ஒன்பதாம் பக்கத்தை உடனே பார்க்கவில்லை. "சர்க்கரை எத்தனை வருஷம்?" என்றார். பத்தொன்பது. "முழங்கால் வலிக்கு ஏதாவது மாத்திரை?" தினம் ஒன்று, நாலு வருஷமாக. பிறகு காகிதத்தை வாங்கி நாலாம் பக்கத்தைத் திருப்பினார். அங்கே கிரியாட்டினின் 1.7 என்று போட்டிருந்தது. அதுவும் கொட்டை எழுத்தில்தான் இருந்தது! கணக்கில் புலியான நண்பரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வராத நோய்க்குப் பயந்து நான்கு நாள் விழித்திருந்த மனிதர், வந்துவிட்ட நோயைப் புரட்டிக்கொண்டே போயிருக்கிறார். மதகு அடைத்திருந்தது, நாங்கள் வரத்தைப் பற்றி அழுதுகொண்டிருந்தோம்.

டாக்டர் வலி மாத்திரையை அன்றே நிறுத்தினார். ஒரே வம்சத்துப் புரதம் உண்டா என்று பார்க்க இன்னும் இரண்டு பரிசோதனைகள் எழுதினார். இல்லை என்று வந்தது. சிறுநீரில் புரதம் கசிந்தது. சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து மாற்றினார். மூன்று மாதம் கழித்து லைட் செயினை அதே பரிசோதனை நிலையத்தில் மறுபடி பார்க்கச் சொன்னார். ஒரு கம்பெனியின் முறையில் வரும் எண்ணும் இன்னொரு கம்பெனியின் முறையில் வரும் எண்ணும் ஒத்துப்போகா என்பது காரணம். எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

பரிசோதனை நிலையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பரிசோதனையை டாக்டர் எழுதிக் கேட்டால் செய்யுங்கள். பாக்கேஜில் இனாமாகத் திணிக்காதீர்கள். செய்தால், கிரியாட்டினினையும் அதே பக்கத்தில் அச்சடியுங்கள். சிறுநீரகம் சோர்ந்தவர்களுக்கு அளவு வேறு என்று ஒரு வரி போடுங்கள். ஒரு வரிக்கு மையும் காகிதமும் எவ்வளவு ஆகிவிடும்?

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வயதானவருக்கு விடாத எலும்பு வலி, காரணம் தெரியாத ரத்தக் குறைவு, சிறுநீரகக் கோளாறு இவை சேர்ந்து வந்தால், "வயசாகிவிட்டது" என்று சொல்லி அத்தையை விட்டதுபோல விடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போய் இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். ஒன்றுமில்லாமல் காகிதம் மட்டும் வந்து கொட்டை எழுத்தில் மிரட்டினால், டெலிபோனில் தேடாதீர்கள். அந்தப் பதினாலு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து பேசும் ஒரு டாக்டரிடம் போங்கள். அவர் பேசியதற்குப் பணத்தைச் சந்தோஷமாகக் கொடுங்கள்.

பரிசாக ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகளுக்கு: அடுத்த பிறந்த நாளுக்கு அப்பாவை நீங்களே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்காருங்கள். தினம் ஒரு வலி மாத்திரை என்று அவர் சொல்வதை அங்கேதான் நீங்கள் முதல் தடவையாகக் கேட்பீர்கள்.

நண்பர் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். காபி கேட்டார். சர்க்கரை இல்லாமல்.